விண்டோஸ் 10 கணினிகளை மாற்றும் வேளையில் தணிக்கை அலுவலகம் வர்ச்சுவல் டெஸ்க்டாப்புக்குப் போகலாமா?

கொங்குக்கணக்கு (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். கோயம்புத்தூரில் உள்ள நடுத்தர அளவிலான பட்டயக் கணக்காளர் அலுவலகம் ஒன்றின் நிர்வாகத்தைக் கவனித்து வருகிறேன். தலைமை அலுவலகத்தில் ஏறத்தாழ முப்பது பேரும், திருப்பூர், கரூர் கிளைகளில் சேர்த்துப் பதினைந்து பேரும் பணிபுரிகிறோம். இவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் ஆர்ட்டிகிள்ஷிப் (சிஏ படிப்பின் பயிற்சிக் காலம்) மாணவர்கள்.

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிவடைந்துவிட்டது. எங்கள் கணினிகளில் பாதிக்கு மேல் இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய பிராசசர் கொண்டவை என்பதால் அவற்றில் விண்டோஸ் 11-ஐ முறைப்படி நிறுவ வழியில்லை. எல்லாவற்றையும் மாற்றிப் புதிய கணினிகள் வாங்குவதா, அல்லது இந்தச் செலவைச் சாக்காக வைத்து வர்ச்சுவல் டெஸ்க்டாப்புக்கு (வேலை சர்வரில் நடக்க, திரை மட்டும் நம் மேசைக்கு வரும் முறைக்கு) மாறிவிடுவதா என்று பங்குதாரர்களிடையே விவாதம் நடந்து வருகிறது. விற்பனையாளர்கள் இருவர் விலைப்புள்ளி கொடுத்திருக்கிறார்கள். ஒருவர் எங்கள் அலுவலகத்திலேயே ஒரு சர்வரை வைத்து, அனைவரும் ஆர்டிபி (வேறொரு கணினியின் திரையை இங்கிருந்தே இயக்கும் விண்டோஸ் வசதி) வழியாக அதில் நுழைந்து வேலை செய்யலாம் என்கிறார். மற்றவர் எல்லாவற்றையும் கிளவுடில் வைத்து மாத வாடகை கட்டச் சொல்கிறார். இருவர் சொல்வதைக் கேட்டாலும் இதில் எந்தச் சிக்கலுமே கிடையாது என்றுதான் தோன்றுகிறது. அதுதான் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

எங்கள் அன்றாட வேலை டேலி, எக்செல், வருமான வரி மற்றும் ஜிஎஸ்டி தளங்கள், டிஎஸ்சி டோக்கன் (டிஜிட்டல் கையொப்பச் சான்றிதழ் உள்ள யுஎஸ்பி சாதனம்) வைத்துக் கையொப்பமிடுதல், ஸ்கேன் செய்தல், அச்சிடுதல் ஆகியவற்றோடு முடிந்துவிடும். கட்சிக்காரர்களின் தரவு ஊழியர்களின் லேப்டாப்களிலும் பென் டிரைவ்களிலும் சிதறிக் கிடப்பதை நிறுத்த வேண்டும் என்பதுதான் மூத்த பங்குதாரரின் முதன்மையான நோக்கம். இத்தகைய அலுவலகத்தில் இதை நடைமுறைப்படுத்திய அனுபவம் உள்ளவர்கள், எதை முன்கூட்டியே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும் என்று சொன்னால் பேருதவியாக இருக்கும்.

---

சர்வரறை (பதில்)

வணக்கம் ஐயா. சிறிய, நடுத்தர அலுவலகங்களுக்கு இத்தகைய அமைப்புகளை நிறுவிப் பராமரிப்பதுதான் என் தொழில். நான் எந்த விற்பனையாளரையும் சார்ந்தவன் அல்லன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

உங்களுக்கு வந்திருக்கும் இரண்டு விலைப்புள்ளிகளும் ஒரே பொருளுக்கானவை அல்ல. ஒரு விண்டோஸ் சர்வரில் நாற்பது பேர் தனித்தனி அமர்வாக நுழைந்து, அதே இயங்குதளத்தையும் அதே டேலி நிறுவலையும் பகிர்ந்துகொள்வது ஒரு முறை. ஒவ்வொருவருக்கும் தனியாக ஒரு மெய்நிகர் கணினியை உருவாக்கிக் கொடுப்பது மற்றொரு முறை. விடிஐ என்று தொழிலில் சொல்வது இதைத்தான். முதலாவது மலிவானது, ஆனால் ஒருவருடைய எக்செல் கோப்பு நினைவகத்தை விழுங்கினால் மற்றவர்கள் அனைவரும் அதன் பலனை அனுபவிக்க வேண்டியிருக்கும். இரண்டாவதில் அந்தத் தொல்லை குறைவு, செலவு அதிகம். உங்கள் விற்பனையாளர்கள் எதைத் தரப்போகிறார்கள் என்பதை முதலில் எழுத்தில் வாங்குங்கள்.

லைசென்ஸ் விஷயத்தில்தான் இந்தப் பக்கத்து அலுவலகங்கள் அதிகம் ஏமாற்றப்படுகின்றன. விண்டோஸ் சர்வரை வாங்கினால் அதோடு நிர்வாகப் பணிக்கென இரண்டு ஆர்டிபி இணைப்புகளுக்கு மட்டுமே அனுமதி உண்டு. ஊழியர்கள் அதில் வேலை செய்ய வேண்டுமானால் ஒவ்வொரு பயனருக்கோ ஒவ்வொரு சாதனத்துக்கோ ஆர்டிஎஸ் கால் என்ற அணுகல் உரிமத்தைத் தனியாக வாங்க வேண்டும். அதை வாங்காமலேயே 120 நாள் அமைப்பு வேலை செய்யும், ஏனென்றால் மைக்ரோசாஃப்ட் அவ்வளவு சலுகைக் காலம் கொடுத்திருக்கிறது. விலையைக் குறைத்துக் காட்ட விரும்புபவர் அந்தச் சலுகைக் காலத்திலேயே பில்லை வசூலித்துக்கொண்டு போய்விடுவார். 121-ஆம் நாள் காலை லைசென்ஸ் சர்வர் இல்லை என்ற அறிவிப்போடு இணைப்பு மறுக்கப்படும்போதுதான் உங்களுக்கு விவரம் தெரியவரும். இதைவிட மோசமான இன்னொரு வழக்கமும் உண்டு. சாதாரண விண்டோஸ் 11 புரோ கணினியில் ஒரு ஒட்டுநிரலைப் போட்டு, ஒரே நேரத்தில் பத்துப் பேர் நுழையும்படி செய்துவிடுவார்கள். அது உரிம விதிமீறல் என்பதோடு, அடுத்த விண்டோஸ் அப்டேட் வந்தவுடன் பெரும்பாலும் செயலிழந்தும் போகும். மற்றவர்களின் கணக்கைத் தணிக்கை செய்யும் அலுவலகத்துக்கு இது அழகன்று.

உங்கள் அலுவலகத்திலேயே தனித்தனி மெய்நிகர் கணினிகளாக, விண்டோஸ் 11 வைத்து நடத்துவதென்றால் அதற்கு விடிஏ என்ற மெய்நிகர் கணினி அணுகல் உரிமமோ, சாஃப்ட்வேர் அஷ்யூரன்ஸ் என்ற மைக்ரோசாஃப்டின் கூடுதல் சலுகைத் திட்டம் அடங்கிய உரிமமோ தேவை. கிளவுடில் மைக்ரோசாஃப்ட் தரும் அஷூர் வர்ச்சுவல் டெஸ்க்டாப்பைப் பொறுத்தவரை, மைக்ரோசாஃப்ட் 365 பிசினஸ் பிரீமியம் சந்தா உங்களிடம் ஏற்கெனவே இருந்தால் விண்டோஸுக்கான அணுகல் உரிமை அதிலேயே அடக்கம். கணினி ஓடும் நேரத்துக்கும் சேமிப்பிடத்துக்கும் மட்டும் கட்டணம். இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் தானாக நிறுத்திவைக்கும்படி அமைத்தால்தான் அது கட்டுப்படியாகும். அமைக்க மறந்தால் யாருமே இல்லாத அலுவலகத்துக்கு விடிய விடிய வாடகை ஓடிக்கொண்டிருக்கும். விண்டோஸ் 365 என்ற மைக்ரோசாஃப்டின் மற்றொரு கிளவுட் கணினிச் சேவை ஒருவருக்கு மாதம் இவ்வளவு என்று நிலையான கட்டணம் கொண்டது. கணிக்க எளிது, ஆனால் பகுதிநேரம் மட்டும் வேலை செய்பவருக்கும் முழுத் தொகை கட்ட வேண்டும். உங்கள் நிலைமைக்கு ஒரு பயனுள்ள செய்தி: விண்டோஸ் 365-இல் நுழையப் பயன்படும் பழைய விண்டோஸ் 10 கணினிகளுக்கு, நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு அப்டேட்கள் கூடுதல் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. ஆகவே பழைய பெட்டிகளை உடனே தூக்கி எறிய வேண்டியதில்லை. சில காலம் தின் கிளையண்ட் (சர்வரின் திரையை மட்டும் காட்டும் எளிய பெட்டி) போலவே அவற்றை ஓட்டலாம்.

விஎம்வேர் நிறுவனத்தின் மெய்நிகர் கணினி மென்பொருள் அடிப்படையிலான அமைப்பை யாரேனும் முன்மொழிந்தால், அதன் அண்மை வரலாற்றையும் கணக்கில் கொள்ளுங்கள். 2023 நவம்பரில் பிராட்காம் அந்த நிறுவனத்தை வாங்கியது; அடுத்த மாதமே ஒருமுறை வாங்கி நிரந்தரமாக வைத்துக்கொள்ளும் உரிமங்களின் விற்பனை நிறுத்தப்பட்டுச் சந்தா முறை வந்தது. ஹொரைசன் என்ற டெஸ்க்டாப் பிரிவு கேகேஆர் என்ற முதலீட்டு நிறுவனத்தின் கைக்கு மாறி, 2024 முதல் ஆம்னிசா என்ற பெயரில் தனி நிறுவனமாக இயங்குகிறது. தொழில்நுட்பம் மோசமானது என்று நான் சொல்லவில்லை. ஐந்தாண்டுச் செலவு என்று விற்பனையாளர் போட்டுத் தரும் கணக்கில் மூன்றாம் ஆண்டுக்கு மேல் உள்ள எண்கள் எல்லாம் நம்பிக்கையின் பேரில் எழுதப்பட்டவை என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

---

அறம்செய் (பதில்)

நான் ஈரோட்டில் இதே தொழிலில் இருக்கிறேன். மேலே நண்பர் செலவைப் பற்றி விரிவாகச் சொல்லிவிட்டதால், டிஎஸ்சி டோக்கனைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனெனில் எங்கள் தொழிலில் இந்த மாற்றம் தடுமாறுவது பெரும்பாலும் அந்த விரல்நீளப் பொருளில்தான்.

டோக்கனைச் சர்வரின் பின்புறம் சொருகிவிட்டால் எல்லோரும் பயன்படுத்தலாம் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் ஆர்டிபி அமர்வுக்குள் அமர்ந்திருப்பவருக்கு அந்த டோக்கன் தெரியாது. ஸ்மார்ட் கார்டு தொடர்பான அழைப்புகளை ஆர்டிபி, பயனரின் கைவசம் உள்ள கணினிக்குத் திருப்பிவிடுவதே அதற்குக் காரணம். ஆகவே டோக்கனைப் பயனரின் மேசையில் உள்ள பெட்டியில்தான் சொருக வேண்டும், இணைப்பு அமைப்பில் ஸ்மார்ட் கார்டு பகிர்வை இயக்க வேண்டும், டோக்கனுக்கான டிரைவர் மென்பொருளை மெய்நிகர் கணினிக்குள்ளும் நிறுவ வேண்டும். கடைசியாகச் சொன்னதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

அது முடிந்தாலும் இன்னொரு கண்டம் காத்திருக்கிறது. ஜிஎஸ்டி தளத்தில் கையொப்பமிட உதவும் எம்சைனர் போன்ற சிறு நிரல்கள், அந்தக் கணினியின் உள்முகவரியில் ஒரு குறிப்பிட்ட போர்ட்டை (நிரல்கள் தொடர்புகொள்ளும் எண்ணிட்ட வாசலை) பிடித்துக்கொண்டு, பிரவுசர் கூப்பிடுவதற்காகக் காத்திருக்கின்றன. நாற்பது பேர் ஒரே சர்வரைப் பகிர்ந்துகொள்ளும் முறையில் அந்தப் போர்ட் ஒன்றே ஒன்றுதான். முதலில் திறந்தவர் அதைப் பிடித்துக்கொள்வார். இரண்டாமவர் திறந்தால் நிரல் இயங்க மறுக்கும், அல்லது அவருடைய பிரவுசர் முதலாமவரின் நிரலோடு பேச முயலும். மாதத்தின் 20-ஆம் தேதி பிற்பகலில், ஜிஎஸ்டிஆர்-3பி என்ற மாதாந்திர ஜிஎஸ்டி படிவத்தைத் தாக்கல் செய்ய நான்கு பேர் ஒரே நேரத்தில் கையொப்பமிட முயலும்போது அலுவலகத்தில் எழும் குரல்களை உங்களால் ஊகிக்க முடியும். ஒவ்வொருவருக்கும் தனி மெய்நிகர் கணினி என்றால் இந்த மோதல் வராது. பகிர்வு முறைதான் என்றால், கையொப்பத்துக்கென்று கிளைக்கு ஒன்றாக விண்டோஸ் 11 கொண்ட உண்மையான கணினிகளை ஒதுக்கி வைத்துவிடுங்கள். எங்கள் அலுவலகத்தில் இரண்டாவது வழியைத்தான் பின்பற்றுகிறோம்.

கட்சிக்காரர்களின் டோக்கன்களைப் பெயரெழுதிப் பெட்டியில் போட்டு நாமே வைத்துக்கொள்ளும் வழக்கம் சரியா என்பது வேறு விவாதம். தகவல் தொழில்நுட்பச் சட்டம் சாவியைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருக்க வேண்டிய பொறுப்பை உரிமையாளர் மீது சுமத்துகிறது என்பதை மட்டும் இங்கே குறிப்பிட்டுவிட்டு நகர்கிறேன்.

ஸ்கேனரும் உங்களுக்குத் தலைவலி தரக்கூடும். யுஎஸ்பி வழியாக இணைத்த ஸ்கேனர் சாதாரண ஆர்டிபி அமர்வுக்குள் வராது. வலைப்பின்னலில் இணையும் பல்பணி இயந்திரத்தை வாங்கி, ஸ்கேன் செய்த கோப்பு நேரே ஒரு பொதுக் கோப்புறையில் விழும்படி அமைத்தால் தீர்ந்தது.

---

நடுவழிநாடா (பதில்)

இணையம், மின்சாரம் இரண்டையும் பற்றி இதுவரை யாரும் பேசாததால் எழுதுகிறேன்.

சர்வரைக் கோவையில் வைத்தால் திருப்பூரும் கரூரும் பார்க்கும் ஒவ்வொரு திரையும் கோவை அலுவலக இணைப்பின் அப்லோட் திசையில்தான் பயணிக்கும். விளம்பரத்தில் காட்டும் வேகம் பெரும்பாலும் டவுன்லோடுக்கு உரியது; அப்லோட் எவ்வளவு என்று தனியாகக் கேளுங்கள். தரவு உள்ளிடுவது போன்ற எளிய வேலைக்கு ஒருவருக்கு 1.5 எம்பிபிஎஸ், சற்றுக் கனமான அலுவலக வேலைக்கு 3 எம்பிபிஎஸ் என்பது மைக்ரோசாஃப்ட் தரும் வழிகாட்டு அளவு. ஆயினும் வேகத்தைவிடத் தாமதமே கையில் உறைக்கும். போய்வரும் நேரம் 150 மில்லி விநாடியைத் தாண்டினால், டேலியில் எண்ணைத் தட்டிவிட்டு அது திரையில் தோன்றுவதற்காகக் காத்திருக்கும் நிலை வரும். வேகமாக வவுச்சர் போடும் பழகிய கைகளுக்கு அது பெரும் சித்திரவதை. கோவைக்கும் திருப்பூருக்கும் இடையே நல்ல ஃபைபரில் அவ்வளவு தாமதம் வராது. மொபைல் ஹாட்ஸ்பாட்டை நம்பி வேலை செய்பவரின் நிலை வேறு.

மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடையை மறந்துவிடாதீர்கள். காலை ஒன்பது மணிக்குப் போனால் மாலையில் வரும் அந்த ஒரு நாள், இப்போது கோவை அலுவலகத்தை மட்டும் பாதிக்கிறது. சர்வர் அங்கே இருந்தால் அன்று கரூரில் மின்சாரம் இருந்தும் கரூர் ஊழியர்கள் சும்மா இருக்க நேரிடும். ஆக, ஜெனரேட்டர் இல்லாமல், வெவ்வேறு நிறுவனங்களிடமிருந்து வெவ்வேறு பாதையில் வரும் இரண்டு இணைய இணைப்புகள் இல்லாமல், சர்வரை அலுவலகத்தில் வைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இவற்றின் செலவை முதல் விற்பனையாளரின் விலைப்புள்ளியோடு கூட்டிய பிறகு கிளவுடோடு ஒப்பிடுங்கள். பெரும்பாலான விலைப்புள்ளிகளில் இவை இடம்பெறுவதே இல்லை.

காலை ஒன்பதரைக்கும் பத்துக்கும் இடையே அனைவரும் ஒரே நேரத்தில் நுழையும்போது சேமிப்பகம் திணறுவதும் உண்டு. பழைய வகை ஹார்டு டிஸ்க் வைத்த சர்வரை யாராவது தள்ளிவிடப் பார்த்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

பாதுகாப்பைப் பொறுத்தவரை ஒரே ஒரு வேண்டுகோள். எந்த நிலையிலும் 3389 என்ற ஆர்டிபி போர்ட்டை நேரடியாக இணையத்துக்குத் திறந்துவிட அனுமதிக்காதீர்கள். திறந்த போர்ட்டைத் தேடிக் கடவுச்சொல்லை ஊகித்து நுழைந்து, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் கும்பல்களுக்கு அது வாசற்படி. கேட்வே (வெளியிலிருந்து வருபவரைச் சரிபார்த்து உள்ளே விடும் நுழைவாயில்) வைத்து, கடவுச்சொல்லோடு கைப்பேசியில் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பும் வைத்தே உள்ளே விட வேண்டும். கேட்வே வைத்துவிட்டால் கவலையில்லை என்றும் இல்லை. 2023 அக்டோபரில் வெளிப்பட்ட சிட்ரிக்ஸ் பிளீட் குறைபாடு அத்தகைய கேட்வே சாதனத்தில் இருந்ததுதான். அப்டேட்களை உடனுக்குடன் போடுபவர் யார் என்பது ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் பிறப்பித்த உத்தரவின்படி, இணையவழித் தாக்குதல் தெரியவந்தால் ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், லாக்களை (கணினிச் செயல்பாட்டுப் பதிவுகளை) 180 நாட்கள் வைத்திருக்கவும் வேண்டும். அதற்குப் பொறுப்பாளி நீங்களா விற்பனையாளரா என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

---

ஆர்ட்டிகிள்மாணவி (பதில்)

ஐயா, நான் வேறொரு அலுவலகத்தில் ஆர்ட்டிகிள்ஷிப் செய்துவருகிறேன். எங்கள் தரப்பையும் கேட்டுவிட்டு முடிவெடுங்கள் என்பதற்காக எழுதுகிறேன்.

நாங்கள் பாதி நாட்கள் கட்சிக்காரரின் இடத்தில்தான் இருக்கிறோம். நூற்பாலையின் பஞ்சுக் கிடங்கில் இருப்புச் சரிபார்க்கும்போது கைப்பேசியில் சிக்னலே இருப்பதில்லை. அங்கே வர்ச்சுவல் டெஸ்க்டாப் மட்டுமே உள்ள லேப்டாப்பைக் கொண்டுபோனால் அது வெறும் சுமை. களப்பணிக்குச் செல்பவர்களுக்கு, வட்டை முழுவதுமாக மறையாக்கம் செய்த வழக்கமான லேப்டாப்களைக் கொடுத்துவிட்டு, அலுவலகத்தில் அமர்ந்து வேலை செய்பவர்களுக்கு மட்டும் இந்த மாற்றத்தைக் கொண்டுவருவது நியாயமாகப் படுகிறது.

இன்னொன்றையும் தயக்கத்தோடு சொல்கிறேன். எங்கிருந்தும் அலுவலகத் திரையைத் திறக்கலாம் என்று ஆனபின், இரவு பத்து மணிக்கு "ஒரு நிமிடம் திறந்து பார்த்துச் சொல்லம்மா" என்று அழைப்பு வருவது எங்கள் அலுவலகத்தில் வழக்கமாகிவிட்டது. எத்தனை மணிக்குமேல் நுழைய முடியாது என்று நேரக் கட்டுப்பாடு வைக்கும் வசதி இதே தொழில்நுட்பத்தில் இருக்கிறது. விற்பனையாளர் அதைக் காட்டுவதில்லை, நிர்வாகமும் கேட்பதில்லை.

---

கொங்குக்கணக்கு (கேள்வியாளரின் மறுமொழி)

அனைவருக்கும் நன்றி. மாணவி சொன்னது எங்கள் நிலைமைக்கும் அப்படியே பொருந்துகிறது. களப்பணிக்குச் செல்பவர்களை இத்திட்டத்திலிருந்து விலக்கிவைப்பதற்கு மூத்த பங்குதாரரும் உடன்பட்டுவிட்டார். நேரக் கட்டுப்பாட்டைப் பற்றி நானே அவரிடம் பேசுகிறேன்.

முதல் விற்பனையாளரிடம் ஆர்டிஎஸ் கால் எத்தனை என்று கேட்டேன். "அதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் சார்" என்று பதில் வந்ததால் அந்த விலைப்புள்ளியைத் தள்ளிவைத்திருக்கிறோம். கிளவுட் விற்பனையாளரிடம், கரூர் கிளையில் ஆறு பேருக்கு மட்டும் ஒரு மாதச் சோதனை கேட்டிருக்கிறோம். ஜிஎஸ்டிஆர்-1 தாக்கலுக்கான 11-ஆம் தேதியும் 3பி-க்கான 20-ஆம் தேதியும் அந்தச் சோதனைக் காலத்துக்குள் வர வேண்டும் என்று நிபந்தனை விதித்திருக்கிறோம்.

இறுதியாக ஓர் ஐயம். டெஸ்க்டாப்கள் கிளவுடில் இருக்கட்டும், டேலி தரவு மட்டும் கோவை அலுவலகத்தில் இப்போது உள்ள சர்வரிலேயே இருக்கட்டும் என்று இளைய பங்குதாரர் சொல்கிறார். தரவு நம் கையில் இருக்கிறது என்ற நிம்மதி கிடைக்கும் என்பது அவர் வாதம். இது சாத்தியமா?

---

சர்வரறை (பதில்)

சாத்தியம்தான், ஆனால் யாரும் அதில் வேலை செய்ய விரும்ப மாட்டார்கள் ஐயா. டேலி தன் தரவுக் கோப்புகளைச் சிறுசிறு துண்டுகளாக ஓயாமல் படித்து எழுதுகிறது. ஒரே அறைக்குள் கேபிளில் போகும்போது அது தெரியாது. டெஸ்க்டாப் புனேயிலோ மும்பையிலோ உள்ள தரவு மையத்திலும், கோப்பு கோவையிலும் இருந்தால் ஒவ்வொரு துண்டும் அத்தனை தொலைவு போய்வர வேண்டும். ஒரு லெட்ஜரைத் திறப்பதற்குள் தேநீர் ஆறிவிடும். நடுவில் இணைப்பு அறுந்தால் தரவு பழுதடையவும் வாய்ப்புண்டு. நிரலும் தரவும் ஒரே இடத்தில், ஒரே வலைப்பின்னலில் இருக்க வேண்டும் என்பதில் சமரசம் வேண்டாம். கிளவுட் என்றால் இரண்டும் கிளவுடில் இருக்கட்டும். பலர் சேர்ந்து வேலை செய்வதற்குக் கோல்டு லைசென்ஸ் தேவைப்படும் என்பதையும், அது அந்தச் சூழலில் செல்லுபடியாகுமா என்பதையும் டேலி முகவரிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இளைய பங்குதாரர் கேட்கும் நிம்மதிக்கு வேறு வழி இருக்கிறது. கம்பெனிகளின் கணக்குப் புத்தகங்களை மின்னணு வடிவில் பராமரித்தால் அவற்றின் பேக்கப் இந்தியாவில் உள்ள சர்வரில் நாள்தோறும் எடுக்கப்பட வேண்டும் என்று 2022 ஆகஸ்ட் திருத்தத்துக்குப் பிறகு கம்பெனிகள் கணக்கு விதிகள் கூறுகின்றன. நீங்கள் கணக்கு எழுதிக் கொடுக்கும் கம்பெனிக் கட்சிக்காரர்களுக்கு அது எப்படியும் செய்தாக வேண்டிய வேலை. அந்தப் பேக்கப் இரவு பதினொரு மணிக்கு மேல் உங்கள் கோவை சர்வருக்கு வந்து சேரும்படி அமைத்துவிடுங்கள். கரூர்ச் சோதனை நடக்கும் மாதத்திலேயே, அப்படி வந்த ஒரு பிரதியைத் தனிக் கணினியில் மீட்டெடுத்து, ஏதாவது ஒரு கட்சிக்காரரின் டிரையல் பேலன்ஸ் சரியாக வருகிறதா என்று உங்கள் ஊழியர் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். விற்பனையாளரின் ஆளை அதற்கு உட்கார வைக்காதீர்கள்.